பேராதனை: பூக்களுக்கு அப்பால் ஒரு வரலாறு

வடக்கிலும் கிழக்கிலும் படித்தவர்களுக்குப் பேராதனை என்றால் பாடசாலைச் சுற்றுலாதான். இரவு முழுக்க பஸ்ஸில் பாட்டு, விடிய கண்டி, தலதா மாளிகை, மத்தியானம் பூங்காவில் சாப்பாட்டுப் பார்சல். போருக்குள் வளர்ந்த எங்கள் தலைமுறையில் பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2009க்குப் பின்னர், சொந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் அவர்கள் முதன்முறையாக அங்கே போனார்கள்.

போகிறவர்கள் ஓர்க்கிட் வீட்டின் முன்னால் படம் எடுக்கிறார்கள், தொங்குபாலத்தில் ஆடுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. பூங்கா என்பது களைப்பாறத்தான். ஆனால் இந்தப் பூங்காவைப் பற்றித் தமிழில் வருகிற அறிமுகங்களில் பெரும்பாலும் மரங்களின் எண்ணிக்கையும் பூக்கும் காலமும்தான் இருக்கின்றன. மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுக் கதையோடும், நமது மரப் பெயர்களோடும், கிழக்கில் கடலில் விழுகிற ஓர் ஆற்றோடும் இந்த இடத்துக்குள்ள தொடர்பு அவற்றில் இல்லை. அடுத்த முறை போகிறவர்கள் கையில் வைத்திருக்க அதையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துத் தருகிறேன்.

ஆறு வளையும் இடம்

கண்டி நகரிலிருந்து கொழும்பு வீதியில் சுமார் 6 கிலோமீற்றர் தூரத்தில் பேராதனை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 460 மீற்றர் உயரம். மகாவலி கங்கை இங்கே ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. அந்த வளைவுக்குள், மூன்று பக்கம் ஆறு சூழ, 147 ஏக்கரில் தாவரவியல் பூங்கா அமைந்திருக்கிறது.

ஆற்றங்கரை ஊர் என்பதால் இதன் கதை பூங்காவைவிடப் பழையது. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் இங்கே அரசிருக்கை வைத்திருந்ததாகப் பூங்காவின் வரலாறு தொடங்குகிறது. ஆற்றுக்கு அக்கரையில் கன்னொருவை. 1638 மார்ச்சில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயப் படையைச் சிதறடித்தது அங்கேதான். 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் இந்த வளைவை அரச தோட்டமாக்கினான். அவனுக்குப் பின்வந்த இராஜாதி இராஜசிங்கன் இங்கே சிலகாலம் தங்கியிருந்தான். இந்த இருவரும் மதுரையோடு உறவு வைத்திருந்த நாயக்கர் வம்சத்தவர். அந்த வம்சத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815இல் பிரித்தானியரிடம் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான்.

அதற்குப் பிறகு ஆற்றைக் கடக்க ஒரு பாலம் வந்தது. 1833 அளவில் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம் முழுக்க முதிரை மரத்தால் ஆனது. நடுவில் தூண் இல்லாமல் 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாக நின்றது. 1905இல் அதைக் கழற்றி எடுத்தார்கள். முதிரையை வன்னியில் தெரியாதவர்கள் இல்லை. வீட்டு நிலையும் கதவும் முதிரை என்றால் அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பு. அந்த மரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு எழுபது ஆண்டுகள் வண்டிகளைச் சுமந்த அந்தப் பாலம் சாட்சி.

பூங்கா ஏன் வந்தது

பிரித்தானியர் அழகுக்காக மட்டும் இதைத் தொடங்கவில்லை. 1810 அளவில் கொழும்பு கொம்பனித்தெருவில் ஒரு தாவரத் தோட்டம் போட்டார்கள். வெள்ளம் வந்ததால் 1813இல் களுத்துறைக்கு மாற்றினார்கள். 1821இல் அலெக்சாண்டர் மூன் அதைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். மூன்று ஆண்டுகளில், 1824இல், இலங்கையில் வளரும் செடிகொடிகளின் பட்டியல் ஒன்றை அச்சிட்டார். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

அவருக்குப் பின் வந்தவர்களில் மூவரின் பெயரை நினைவில் வைத்தால் போதும். ஜோர்ஜ் கார்ட்னர் 1844இல் பொறுப்பேற்று 1849இல் நுவரெலியாவில் காலமானார். பூங்காவில் மேடான இடத்தில் நிற்கும் குவிமாட நினைவுச் சின்னம் அவருடையது. அடுத்து வந்த துவைட்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1880இல் வந்த ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலைத் தொடங்கினார். ட்ரைமனைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இவர்களோடு ஒரு இலங்கையரின் பெயரும் சேர வேண்டும். ஹரமானிஸ் டி அல்விஸ் 1823 முதல் பல பத்தாண்டுகள் இங்கே ஓவியராக வேலை செய்தார். கமரா வராத காலத்தில் ஒரு செடியை இலை நரம்பு வரை கீறித் தந்தவர் அவர். அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகளும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள்.

கோப்பி, தேயிலை, எங்கள் மக்கள்

இங்கே வேலை செய்த தாவரவியலாளரிடம் அரசாங்கம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த மலையில் எதை நட்டால் காசு வரும்?

முதல் விடை கோப்பி. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பூங்காவுக்கு எதிர்க்கரையில், கன்னொருவையில், தனக்கென்று ஒரு கோப்பித் தோட்டம் போட்டார். அதே காலத்தில் கம்பளைப் பக்கமும் தோட்டங்கள் தொடங்கின. மலைக்காடுகள் ஏக்கர் ஏக்கராக வெட்டப்பட்டன. வேலைக்கு ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுக்குள்ளால் தம்புள்ள, மாத்தளை என்று அவர்கள் கால்நடையாக வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. இன்று யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் போகிற ஒருவர், தம்புள்ளைக்குப் பிறகு அவர்கள் நடந்த திசையிலேயே போகிறார்.

1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பூஞ்சணம் கண்டார்கள். இலைகளை ஆராய இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தவர் துவைட்ஸ். இது ஆபத்து என்று அவர் சொன்னபோது தோட்டத்துரைமார் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பி அழிந்தது. துரைமார் கடனில் விழுந்தார்கள். தொழிலாளர் சம்பளமில்லாமல் நின்றார்கள்.

அப்போது கைகொடுத்த தேயிலையும் இந்தப் பூங்காவைத் தொட்டுத்தான் மலைக்கு ஏறியது. 1839இல் அசாம் தேயிலை விதைகள் கல்கத்தாத் தாவரவியல் பூங்காவிலிருந்து பேராதனைக்கு வந்தன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். காய்ச்சல் மருந்துக்கான சிங்கோனாவுக்கென்று 1861இல் ஹக்கலயில் கிளைத் தோட்டம் திறந்தார்கள். 1876இல் பிரேசில் இறப்பர்க் கன்றுகள் இலண்டன் கியூ பூங்காவழியாக வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேற்பார்வை பேராதனைதான்.

இந்தக் கதையை நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு 1948இல் இந்த நாடு குடியுரிமை இல்லை என்றது. 1977 வன்செயலில் அடிபட்டவர்கள் கணிசமானோர் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கடைசிப் போரில் நம்மோடு ஓடினார்கள். பேராதனையில் நடப்பட்ட ஒரு விதைக்கும் முள்ளிவாய்க்காலில் நின்ற ஒரு குடும்பத்துக்கும் இடையில் இப்படி ஒரு கோடு போகிறது. பூங்காவில் அதைச் சொல்லும் பலகை எதையும் நான் காணவில்லை.

ட்ரைமன் எழுதிவைத்த தமிழ்ப் பெயர்கள்

ட்ரைமனின் நூல் 1893க்கும் 1900க்கும் இடையில் ஐந்து பாகங்களாக வந்தது. அவர் 1896இல் இறந்துவிட, கடைசி இரண்டு பாகங்களை ஜோசப் ஹூக்கர் முடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு செடிக்கும் இலத்தீன் பெயரை அடுத்து, தெரிந்த இடத்தில், சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் குறிக்கப்பட்டிருக்கின்றன. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று வறண்ட வலயத்து மக்கள் வாயில் இருந்த சொற்கள் அப்படி அச்சில் ஏறின.

அவை ஆங்கில எழுத்தில்தான் உள்ளன. அதில் ஒரு சிக்கல் உண்டு. ல, ள, ழ மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகிவிடும். பாலை என்ற மரமும் பனம்பாளையும் அந்த எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். தமிழ் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து வாசித்தால்தான் எது எது என்று பிரிக்கலாம்.

இதை நான் உணர்ந்தது வன்னியிலிருந்து வந்த என் பெரியம்மாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன நாளில். இங்கே தென்னமெரிக்க, பர்மிய, ஜாவா மரங்களுக்கு நடுவே பனைகளை நிரையாக நட்ட ஒரு சாலையும் உண்டு. ஓர்க்கிட் வீட்டில் அரைமனதோடு நடந்துவந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

"இஞ்ச பார் பிள்ளை, பனையெல்லே!"

"ஓம் பெரியம்மா. வேணுமெண்டுதான் நட்டிருக்கினம்."

"மழையில நிண்டு பாசி பிடிச்சுப் போச்சு. எது ஆண், எது பெண் எண்டு சொல்லு பாப்பம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாளையைப் பார் என்று அவர் அண்ணாந்து காட்டிக்கொண்டு போனார். மீளக்குடியமர்ந்தபோது அவருடைய வளவில் நின்ற மாவும் பலாவும் தறிக்கப்பட்டிருந்தன. எந்த மூலையில் எது நின்றது என்று இன்றும் சொல்வார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நமது ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். நாவற்குழி, புளியங்குளம், இலுப்பைக்கடவை, மருதங்கேணி, பாலையூற்று. மரத்தை வைத்துத்தான் ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறோம். இடப்பெயர்வில் நகரத்திலும் வெளிநாட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இலுப்பையையும் மருதையும் இனங்காட்டத் தெரியாது. தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 130 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஆங்கிலேயர் கேட்டு எழுதியதைவிட அதிகமாக நம்மிடம் இன்னும் இருக்கிறது. எத்தனை காலத்துக்கு இருக்கும் என்பதுதான் கவலை.

பூங்காவின் எல்லைக்குள்ளேயே தேசிய உலர்தாவரச் சேகரிப்பு நிலையம் இருக்கிறது. செடியை அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதி வைப்பார்கள். ஒரு காடு வெட்டப்பட்ட பின்பும் அங்கே என்ன நின்றது என்பதற்கு அந்தத் தாள் ஆதாரமாகும். தாவரவியல் படிக்கிற நமது மாணவர்கள், தங்கள் ஊர்ப்பக்கத்துத் தாள்களைத் தேடிப்பார்க்க அனுமதி கேட்டுப் போகலாம். சுற்றுலாப் பயணிகளுக்கான இடம் அது இல்லை.

எதையெல்லாம் பார்க்கலாம்

காலையில் நேரத்துக்கே போங்கள். வெயிலும் கூட்டமும் குறைவு. எல்லாம் சுற்ற அரைநாள் வேண்டும்.

வாசலுக்குக் கிட்ட வாசனைத் திரவியத் தோட்டம். கறுவா, சாதிக்காய், கராம்பு, ஏலம், மிளகு எல்லாம் மரமாகவும் கொடியாகவும் நிற்கும். கடைச்சரையில் மட்டும் கண்ட பிள்ளைகளுக்கு இது நல்ல பாடம்.

பெரிய புல்வெளியில் ஜாவா ஆல் ஒன்று குடைபோல விரிந்து நிற்கிறது. ஒரு பாடசாலையே அதன் நிழலில் இருந்து சாப்பிடலாம்.

ஆற்றோரத்தில் இராட்சத மூங்கில். மழைக்காலத்தில் புதுக் குருத்து ஒரு நாளில் ஒரு அடிவரை வளரும்.

சீஷெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் மரங்கள். உலகத்திலேயே பெரிய விதை இதனுடையது. ஒரு காய் முற்ற ஐந்தாறு ஆண்டுகள் எடுக்கும்.

நினைவு மரங்கள். வந்துபோன பிரமுகர்கள் நட்டவை. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடியவரும் அவரது மனைவியும் 1901இல் நட்டது நாகலிங்க மரம். சிவன் கோயில்களில் பார்க்கும் அந்த மரத்தின் பூர்வீகம் தென்னமெரிக்கா என்பது பலருக்குத் தெரியாது.

வௌவால்கள். பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் உயர்ந்த மரங்களில் பகல் முழுக்கத் தலைகீழாகத் தொங்கும். சிறகு விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல். பின்நேரம் இரை தேடிக் கிளம்பும். பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுவதால் காடு வளர்வதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. கல் எறியப் பிள்ளைகளை விடாதீர்கள்.

இதே பூங்காவில் ஒருகாலம் இராணுவம் இருந்தது. 1944இல் இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமையகத்தை இங்கே கொண்டுவந்தார். போர் முடிந்தது, படை போனது, பூங்கா மக்களுக்குத் திரும்பியது. தங்கள் காணியில் முகாம் இருப்பவர்கள் இந்த வரியை எப்படி வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

வேலிக்கு வெளியே

பூங்காவுக்கு அருகிலேயே பேராதனைப் பல்கலைக்கழகம், மகாவலியின் இரு கரையிலுமாக. 1952இல் இங்கே குடிவந்த இந்த வளாகத்தில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நமது கூத்தை மேடைக்கு மீட்டார். 1983 மே மாதத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டதும் இங்கேதான். இன்றும் வடக்கு கிழக்குப் பிள்ளைகள் பெருமளவில் படிக்கிறார்கள். வளாகத்தில் குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது.

வளாகத்துக்குப் பின்னால் ஹந்தானை மலைத்தொடர். 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. மலையேற விரும்புவோருக்கு நல்ல நடை. ஆனால் மூடுபனி சட்டென்று இறங்கும், வழி தவறும். தெரிந்த ஒருவருடன் காலையில் ஏறி மத்தியானத்துக்குள் இறங்கிவிடுங்கள். மழை நாளில் அட்டை கடிக்கும். உப்போ சவர்க்காரமோ கையில் இருக்கட்டும்.

வயதானவர்களுடன் போனால் கண்டி நகரில் தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள உடவத்தகெலே காடு வசதி. 1856இல் ஒதுக்கப்பட்டு 1938இல் சரணாலயமான, சுமார் 104 ஹெக்டெயர் காடு. நல்ல நடைபாதையும் நிறையப் பறவைகளும் உண்டு.

ஆறு போகும் இடம்

தொங்குபாலத்தில் நின்று கீழே பார்க்கிறவர்கள் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி, மூதூர் அருகே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. வெருகல் சித்திர வேலாயுதர் கோயிலில் தீர்த்தமாடுகிறவர்கள் பேராதனையைக் கடந்து வந்த நீரில்தான் மூழ்குகிறார்கள்.

1976இல் பொல்கொல்லையில் இந்த ஆறு சுரங்கவழியாகத் திருப்பப்பட்டது. 1985இல் விக்டோரியா அணை வந்தது. மகாவலித் திட்டம் வயலுக்கு நீர் கொடுத்தது. அதே பெயரில் நடந்த குடியேற்றங்கள் தமிழ்க் கிராமங்களின் காணிகளையும் தின்றன. ஆற்றின் நீர் எட்டிப்பார்க்காத மணலாற்றில்கூட மகாவலி 'எல்' வலயம் இருக்கிறது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதை அடுத்துத் தொடங்கிய சண்டை எங்கே போய் முடிந்தது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மாவிலாற்றுக்கு நீர் கொடுப்பதும் மகாவலிதான்.

போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம், வவுனியாவிலிருந்து ஏ9 வழியாகக் கண்டிக்குப் பஸ் உண்டு. கண்டியிலிருந்து பேராதனைக்கு உள்ளூர் பஸ்ஸில் அரைமணி நேரம் போதும். புகையிரதத்தில் வருபவர்கள் பேராதனைச் சந்தி நிலையத்தில் இறங்கலாம். பதுளைப் பாதையும் கண்டிப் பாதையும் பிரிகிற இடம் அது. உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவரைவிடக் குறைவு. அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். குடை எப்போதும் வேண்டும். ஆற்றில் குளிக்க இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை உண்டு.

முடிந்தால் வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள். அவர் ஒரு மரத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பெயரைத் தமிழில், ல, ள, ழ பிசகாமல் எழுதுங்கள். எந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள், அதன் பட்டையையோ இலையையோ எதற்குப் பாவித்தார்கள், அவருடைய வளவில் அது எந்தப் பக்கம் நின்றது என்பதையும் கேட்டு எழுதுங்கள். கீழே திகதி போட்டு அவருடைய பெயரையும் எழுதிவிடுங்கள். உலர்தாவர நிலையத்துத் தாள்களிலும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.